செத்த காலேஜின் ஊழியர்கள்

எங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு முதுமக்கள் தாழி இருக்கிறது. வாய்ப்பகுதி உடைந்தது. அதைக் கண்டெடுத்தவர் என் தாத்தா.

எனக்கு அப்போது ஏழு வயது. கொல்லையில் கக்கூசுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாலடி ஆழத்தில் கடப்பாரை ஓட்டில் பட்ட மாதிரி ஒரு சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் பானையின் விளிம்பு. பாட்டி புதையல் என்றே முடிவு செய்துவிட்டாள். ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்துவந்தாள். உள்ளே மண்ணும், சில எலும்புத் துண்டுகளும், கறுப்பு சிவப்பில் இரண்டு கிண்ணங்களும்தான் இருந்தன. எலும்பைப் பார்த்ததும் கற்பூரம் வீட்டுக்குள் திரும்பிப் போனது. தாத்தா வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொன்னார். இரண்டு நாளில் தாசில்தார் ஜீப் வந்தது. அதன்பின் வைக்கோல் பரப்பிய டிராக்டரில் தாழி ஊரைவிட்டுப் போனது. பையன்கள் எல்லோரும் ஊர் எல்லை வரை பின்னால் ஓடினோம்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, மகளுக்குக் காட்டலாம் என்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். தாழி இருந்தது. ‘முதுமக்கள் தாழி, பெருங்கற்காலம்’ என்று ஓர் அட்டை, கீழே எங்கள் ஊர்ப் பெயர். அவ்வளவுதான். காப்பாட்சியரிடம் போய் இது எங்கள் தாத்தா எடுத்தது என்றேன். அவர் உடனே பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். வரிசை எண், தேதி, பொருள், ஊர். ‘பெறப்பட்ட விதம்’ என்ற இடத்தில் ‘வட்டாட்சியர் மூலம்’. தாத்தா பெயர் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவருக்கு வேறு கேள்வி இருந்தது.

“உங்க வீடு எந்தப் பக்கம் தம்பி? ஏரிக்கரைப் பக்கமா, பள்ளிக்கூடத்துப் பக்கமா?”

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சார்.”

ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏரியை வரைந்தார், பள்ளிக்கூடத்தை வரைந்தார், இரண்டு புள்ளிகள் வைத்தார். பிறகு மூன்றாவதாக ஒரு புள்ளி. “அப்ப மூணும் ஒரே வரிசைல வருது. உங்க ஊர்ல இருந்து இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பொருள் வந்திருக்கு. உங்க தாத்தாவோடது மட்டும் எங்கேன்னு இத்தன நாளா தெரியாம இருந்துச்சு.”

“மத்த ரெண்டும் எங்கேன்னு எதுல சார் எழுதியிருக்கு?”

“எழுதல. நான்தான் போய்க் கேட்டு வெச்சிருக்கேன்.” தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அவர் ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன.

*

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். எங்கள் உலகத்தில் ஒருவர் ராஜினாமா கொடுத்தால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, “கே.டி. யாருக்குக் கொடுக்கப்போற?” என்பது. தனக்கு மட்டுமே தெரிந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றிவிட்டுப் போவதற்குத்தான் கே.டி. என்று பெயர். எந்த சர்வர் எந்த நேரத்தில் படுக்கும், எந்த வரியைத் தொட்டால் எது உடையும் என்பதெல்லாம் கோடில் இருக்காது, ஆளிடம் இருக்கும். அதற்காகத்தான் நோட்டீஸ் பீரியடு. கொடுக்கிற கே.டி. பெரும்பாலும் ஒப்புக்குத்தான் என்பது வேறு கதை. ஆனால் அப்படி ஒன்று வேண்டும் என்பதையாவது எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் கே.டி. எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. காப்பாட்சியர் ஒருவர், டிக்கெட் கொடுக்க ஒருவர், காவலுக்கு ஒருவர். அதனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் அருங்காட்சியகத்தில் உண்மையில் சேமிக்கப்படுவது எது? பொருள் என்றால் தாழி பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று புள்ளிகள்?

அந்தக் கேள்வியோடுதான் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைய மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு அதுதான் தாய்வீடு. கட்டடங்களின் கதையாக இருக்கும் என்று நினைத்தேன். படிக்கப் படிக்க அது ஊழியர்களின் கதையாகிவிட்டது.

*

1851இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்துவைத்திருந்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொடுத்தது. கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில் இடம் கிடைத்தது. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், ராணுவ மருத்துவர். அவருக்கு வேறு உத்தியோகங்களும் இருந்தன. கர்நாடக நவாபின் குடும்ப விவகாரங்களைக் கவனிக்கும் அரசுப் பிரதிநிதியாகவும் சேப்பாக்கத்தில் வேலை பார்த்தார்.

ஆக இரவல் கல், இரவல் கட்டடம், பாதி நேர ஆள். நம் மொழியில் சொன்னால் ஒரு சைடு புராஜெக்ட்.

பால்ஃபரின் திறமை, கேட்பதில் இருந்தது. மாகாணம் முழுவதும் இருந்த அதிகாரிகளையும் பொதுமக்களையும் பொருள் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். கல், கிளிஞ்சல், காசு, செத்த பறவை என்று எல்லாம் வந்து சேர்ந்தன. சேப்பாக்கத்து வேலையில் கிடைத்த பழக்கத்தை வைத்து நவாபிடம் அவர் வளர்த்த விலங்குகளையே கேட்டு வாங்கினார். அருங்காட்சியகம் 1854இல் எழும்பூர் பாந்தியனுக்கு இடம் மாறியது. அந்த வளாகத்தில் உயிருள்ள விலங்குகளைக் காட்சிக்கு வைத்ததுதான் சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம். 1863இல் விலங்குகள் சென்ட்ரல் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின, 1985இல் வண்டலூருக்கு.

சென்னை மக்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’. பாடம் பண்ணிய மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. முதலில் ஒரு கல்லூரியில் இருந்ததன் மிச்சம் அந்தக் ‘காலேஜ்’. சும்மா சொல்லக்கூடாது, இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கமிட்டியாலும் வைத்திருக்க முடியாது.

பால்ஃபர் காலத்தில் நடந்த இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பெல்லாரி, கோவை, கடலூர், மங்களூர், உதகை போன்ற ஊர்களில் சிறிய அருங்காட்சியகங்கள் தொடங்கப்பட்டன. அதனால்தான் சென்னையில் இருந்ததற்கு ‘மத்திய அருங்காட்சியகம்’ என்று பெயர். மையம் என்றால் சுற்றிலும் கிளைகள் இருக்க வேண்டுமே. உள்ளூரில் கிடைப்பது உள்ளூரில் இருக்கட்டும், இரண்டாவது பிரதி சென்னைக்கு வரட்டும் என்பது மாதிரியான கட்டமைப்பு. இன்றைக்கு இதை டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்போம்.

அவை பிழைக்கவில்லை. பெரும்பாலானவை 1860களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டன. பெயர் மட்டும் நீண்ட காலம் நின்றது, கிளைகள் இல்லாத ‘மத்திய’ அருங்காட்சியகமாக. கடலூரிலும் கோவையிலும் மறுபடி அரசு அருங்காட்சியகம் வர நூறு வருடங்களுக்கும் மேல் ஆனது.

சென்னையில் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு பால்ஃபர் இருந்தார். கிளைகளில் அந்தந்த ஊர் அதிகாரிகள், தங்கள் வழக்கமான வேலைகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக அருங்காட்சியகம் இருந்தது. அதிகாரிக்கு மாற்றல் வந்தால் ஆர்வமும் அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும். பெட்டியில் இருந்த கற்களுக்கு அதன்பின் யார் பெயர் சொல்வது?

*

பெயர் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. அதே வருடம் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் மேலும் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். ஃபூட் நிலவியலாளர். தென்னிந்தியா முழுக்க நடந்தார், நடந்த இடங்களிலெல்லாம் பொறுக்கினார். நாற்பது வருடச் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலமாரி நிறையக் கற்கள். ஒரு கைக்கோடரி பல்லாவரத்தில் கிடைத்ததா, பெல்லாரியில் கிடைத்ததா என்பதைக் கல் சொல்லாது. எந்த ஆற்றங்கரை, தரைக்கு மேலா, சரளை அடுக்குக்குள்ளா என்பது தெரியாவிட்டால் அது வெறும் கூரான கல்.

ஃபூட் விற்றதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தார். என்ன கருவி, எங்கே கிடைத்தது, எந்தச் சூழலில் கிடைத்தது என்ற விளக்கங்களோடு ஒரு பெரிய அட்டவணை. 1912 டிசம்பரில் அவர் இறந்தார். அட்டவணை 1914இல் வெளிவந்தது. கருவிகளின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916இல் தனி நூலாக வந்தன. அவர் இல்லாத பிறகும் அவருடைய கே.டி. தொடர்ந்து நடந்தது. இன்றும் ஓர் ஆய்வாளர் அந்த நூலை வைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நிற்க முடியும்.

ஆதிச்சநல்லூருக்கு இந்தக் கொடுப்பினை பாதிதான் கிடைத்தது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899இலிருந்து சில வருடங்கள் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்கு வந்தன. அவற்றின் அட்டவணை 1915இல் அச்சானது. ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருந்தவர்களின் உடைமைகள் இரண்டு கண்டங்களில். தோண்டிய மேட்டிலேயே 2023இல்தான் ஓர் அருங்காட்சியகம் வந்தது. அருங்காட்சியகங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்லும்போது எனக்கு அது சடங்குப் பேச்சாகத்தான் கேட்கும். ஆதிச்சநல்லூரைப் பற்றிப் படித்த பிறகு அப்படிக் கேட்பதில்லை. பெர்லின், சென்னை, தாமிரபரணிக்கரை மூன்றும் தங்கள் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த இடுகாடு மறுபடி ஒரே இடுகாடாகும்.

*

அடுத்தது ஊழியர்கள். இதில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

எட்கர் தர்ஸ்டன் 1885இலிருந்து 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தார். ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று தமிழில் அறியப்படும் ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டவர். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, அதை வைத்துச் சாதிகளை வகைப்படுத்த முயன்றவர். அந்த அறிவியல் செல்லாது என்று இன்று நமக்குத் தெரியும். அந்தத் தொகுதிகளின் முகப்பில் தர்ஸ்டன் பெயருக்குக் கீழே ‘உதவி: கே. ரங்காச்சாரி’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ரங்காச்சாரி அருங்காட்சியக ஊழியர், அடிப்படையில் தாவரவியல்காரர். உள்ளூர் மொழியும் உள்ளூர் நடப்பும் தெரிந்த ஒருவர் இல்லாமல் ஏழு தொகுதிகள் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால், அந்த ஒற்றை வரி ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. என் தாத்தா பதிவேட்டில் ‘வட்டாட்சியர் மூலம்’ ஆனதைப் போல.

1920இல் கண்காணிப்பாளராக வந்தவர் எஃப்.எச். கிரேவ்லி. சிலந்திகளையும் வண்டுகளையும் ஆராய்ந்த விலங்கியல்காரர். இவர் வந்தபின் எழும்பூரில் ஏதோ மாறுகிறது. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927இல் அருங்காட்சியகம் ஓர் ஆய்வு மலர் கொண்டுவந்தது. பல ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பிரிவை எடுத்துக்கொண்டு எழுதியது. 1929இல் பி.வி. மயூரநாதன் என்ற ஊழியர் சென்னை நகரத்தின் பூக்கும் தாவரங்களைப் பற்றித் தன் பெயரில் நூல் எழுதினார். 1932இல் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு விரிவான அட்டவணை வந்தது. எழுதியவர்கள் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும். 1939இல் தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலைக்கு ஓர் எளிய அறிமுக நூல், கிரேவ்லியும் சி. சிவராமமூர்த்தியும் சேர்ந்து எழுதியது.

சிலந்தி ஆராய்ச்சியாளருக்குக் கோயிலில் என்ன வேலை? தனக்குத் தெரியாத துறையில் தெரிந்த இளைஞர்களோடு உட்கார்ந்தார். விலங்கியலிலிருந்து கொண்டுவந்த ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு மாதிரியைப் பார்த்து, விவரித்து, மற்றதோடு ஒப்பிட்டு வகைப்படுத்தும் பழக்கம். வண்டுக்குச் செய்ததை நடராஜருக்கும் செய்யலாம். சமஸ்கிருதமும் தமிழும் சிற்ப நூலும் தெரிந்தவர்கள் மறுபக்கம் இருந்தார்கள். அட்டையில் இரண்டு பெயரும் வந்தன. ‘உதவி’ என்ற சொல் காணாமல் போயிருந்தது.

அதே முப்பதுகளில் அங்கே வேதியியல் ஆய்வகம் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் கிடந்த செப்புத் திருமேனிகளில் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் பச்சைப் பொடியாக உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். தேய்த்துக் கழுவினால் முகத்தின் நுணுக்கம் போய்விடும். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். சிலையை எதிர்மின்வாயாக்கி, காரக் கரைசலில் நிறுத்தி, மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உப்பு வெளியேறும், அரிப்பு இளகும், உலோகம் மிஞ்சும். அந்த ஆய்வகம் இன்றும் இருக்கிறது. மற்ற அருங்காட்சியக ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் பொருள் பாதுகாப்புப் பயிற்சி நடத்திவருகிறது.

இந்த ஆட்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள். ராமச்சந்திரன் இந்தியத் தொல்லியல் துறையின் மேல்மட்டத்துக்குப் போனார். சிவராமமூர்த்தி டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். மானுடவியல் பகுதியில் இருந்த எம்.டி. ராகவன் கொழும்பு அருங்காட்சியகத்தில் இனவியலாளராகப் பணியாற்றினார். ஒரு மாகாண அருங்காட்சியகம் டெல்லிக்கும் கொழும்புக்கும் ஆள் கொடுத்திருக்கிறது. ஓர் அருங்காட்சியகத்தின் ஆகச் சிறந்த ஏற்றுமதி பொருள் அல்ல, பழக்கப்பட்ட கண் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

1940இல் கிரேவ்லியின் இடத்துக்கு ஏ. ஐயப்பன் வந்தார். கேரளத்து ஈழவ சமூகத்தில் பிறந்தவர், லண்டனில் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தர்ஸ்டன் அளவுகோலோடு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒரு பதிவாக இருந்த சமூகத்தைச் சேர்ந்தவர். 1944இல் அருங்காட்சியக வெளியீடாகவே ஈழவர்களின் பண்பாட்டு மாற்றம் பற்றிய அவருடைய ஆய்வு வந்தது. ஒரு காலத்தில் அளக்கப்பட்டவர்கள் இப்போது எழுதினார்கள். அருங்காட்சியக வரலாற்றில் எனக்கு ஆகப் பெரிய நிகழ்ச்சி இதுதான். இதற்குத் திறப்புவிழா நடக்கவில்லை, கல்வெட்டும் இல்லை.

*

எழும்பூரில் நடந்தது விதிவிலக்கு. மற்ற இடங்களின் நிலைமையை 1936இல் வந்த ஓர் அறிக்கை சொன்னது. பிரிட்டனின் அருங்காட்சியகச் சங்கத்துக்காக மார்க்கமும் ஹார்கிரீவ்ஸும் அன்றைய இந்தியாவைச் சுற்றிவந்து எழுதியது. அவர்கள் கணக்கில் இருந்தவை 105 அருங்காட்சியகங்கள். பணம் போதாது, சம்பளம் குறைவு, பயிற்சி பெற்ற ஆட்கள் அரிது, ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் பழைய அறிக்கை. எந்த மாவட்டக் காப்பாட்சியரிடம் கொடுத்தாலும் போன வாரம் எழுதியதா என்று கேட்பார்.

அதன்பின் சில விஷயங்கள் நடந்தன. 1944இல் இந்திய அருங்காட்சியகச் சங்கம் தொடங்கியது. அதன் ஆய்விதழ் அடுத்த வருடமே வந்தது. ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு, தன் சந்தேகத்தைக் கேட்க இன்னோர் ஊரில் ஆள் இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமில்லை. 1952இல் பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் பாடம் வந்தது. அதுவரை நிலவியலாளர், மருத்துவர், சிலந்திக்காரர் என்று வேறு வாசல் வழியாக வந்தவர்களே நடத்திய தொழிலுக்கு அப்போதுதான் சொந்த வாசல் கிடைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு எளிமையானது. பால்ஃபர் மாதிரிக் கேட்கிற ஆள், ஃபூட் மாதிரி எழுதிவைக்கிற ஆள், கிரேவ்லி மாதிரி அடுத்தவரை வளர்க்கிற ஆள். இந்த மூன்று வேலைகளும் நடந்த இடங்கள் நின்றன. இவை நடக்காத இடத்தில் பொருள் இருந்தும் பயனில்லை. இன்று நாம் மாவட்டத்துக்கு ஒருவரை நியமித்துவிட்டு மூன்றையும் அவரே செய்வார் என்று எதிர்பார்க்கிறோம்.

காசே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, கூட்டம் வருகிறது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கீழடி தொல்லியல் துறையுடையது. மாவட்ட அருங்காட்சியகங்கள் அருங்காட்சியகங்கள் துறையுடையவை. கட்டடத்துக்கு ஆதரவு திரட்டுவது சுலபம், திறப்புவிழா இருக்கிறது, போட்டோ இருக்கிறது. பதிவேட்டில் ஒரு காலியிடத்தை நிரப்ப ஊர் ஊராகப் போய்க் கேட்கிறவருக்குப் பேருந்துப் படி கொடுங்கள் என்று கோரிக்கை வைத்தால், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

பொருள்கள் வந்து சேரும் வழியும் இதோடு சேர்ந்தது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ., தாசில்தார், ஆட்சியர், அருங்காட்சியகம் என்று பொருள் நகரும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து கூடும், ஒரு தகவல் குறையும். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், நாலடி ஆழம், கிழக்கு பார்த்த கொல்லை என்று கிளம்புவது, கடைசி மேசையில் வெறும் ஊர்ப் பெயராக வந்து சேர்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

*

பதினான்கு மாதங்களில் எங்களால் என்ன முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். காப்பாட்சியர் மேலிடத்தில் அனுமதி வாங்கிவைத்திருந்தார். அவர் பதிவேட்டைப் படிப்பார், நான் லேப்டாப்பில் அடிப்பேன். மத்திய அரசின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ என்ற மென்பொருள் இருக்கிறது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, சாதாரண எக்ஸெல்தான். ஆரம்பத்தில் நான் பெரிய திட்டங்கள் வைத்திருந்தேன். ஆப் பண்ணலாம், கியூஆர் கோடு ஒட்டலாம், மேப் போடலாம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மொதல்ல இத முடிச்சிடலாம் தம்பி” என்பார்.

பதிவேட்டில் இருந்தவற்றுக்குப் பக்கத்தில் மூன்று பத்திகள் சேர்த்தோம். சரியான இடம். கண்டெடுத்தவர். இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார். மூன்றாவது பத்தி அவருடைய யோசனை. “நான் சொன்னதுனு போடுங்க. நான் தப்பாக்கூடச் சொல்லியிருக்கலாம். பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல, யாரப் போய்த் திட்டணும்னு.” இருபது வருடம் கோட் எழுதியவர்கள்கூட இவ்வளவு நேர்மையாக கமென்ட் எழுதி நான் பார்த்ததில்லை.

முடிக்கவில்லை. காசுகள் முடிந்தன, கற்சிலைகள் முடிந்தன, பானைகள் பாதி முடிந்தன. இயற்கை வரலாற்றுப் பகுதியைத் தொடவே இல்லை. நிறைய வரிகளில் அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது எனக்கு முன்னாடி இருந்தவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் தவறிட்டாரு” என்றார். அந்த இடங்களைக் காலியாக விட்டோம்.

அவர் ஓய்வுபெற்ற அன்று நான் போகவில்லை, அலுவலகத்தில் ரிலீஸ். இப்போது பொறுப்பில் இருப்பவர் இன்னொரு மாவட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இளையவர், அருங்காட்சியகவியல் படித்தவர். கோப்பை அவருக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பேசினார். முப்பத்தேழாவது வரியில் ஒரு சந்தேகம், பெரியவரின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்களாம்.

எங்கள் ஊர்த் தாழி அந்தக் கோப்பில் இருக்கிறது. சரியான இடம்: அரசு தொடக்கப்பள்ளிக்குப் பின்னால், தெற்குத் தெரு கடைசி வீட்டுக் கொல்லை, சுமார் நாலடி ஆழம். கண்டெடுத்தவர்: தாத்தாவின் பெயரும் அவர் அப்பாவின் பெயரும். சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். ‘அப்போது வயது ஏழு’ என்றும் சேர்த்தேன். பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.